எஸ்தர் அக்காவின் வைவா

பத்தாம் வகுப்புக் கணக்கில் இரண்டு முறை ஃபெயில் ஆனவர்கள் எத்தனையோ பேர் இருப்பார்கள். ஆனால் அப்படி ஃபெயில் ஆகிவிட்டு, எம்.எஸ்ஸி. கடைசி செமஸ்டர் வைவாவில் போய் உட்கார்ந்து, வெளியூரிலிருந்து வந்த எக்ஸாமினர் கேட்ட கேள்விக்கெல்லாம் பதிலும் சொல்லிவிட்டு வந்தவள் நான் ஒருத்திதான் என்று நினைக்கிறேன். (வேறு யாராவது இருந்தால் சொல்லுங்க, ஒரு சங்கம் ஆரம்பிச்சிடலாம்.)

அது என்னுடைய வைவா இல்லை. எங்கள் எஸ்தர் அக்காவுடையது. அவளால் வர முடியவில்லை. செத்துப்போய்விட்டாள்.

இதைப் போய் சிரிப்பாக எழுதலாமா என்று கேட்காதீர்கள். எங்கள் வீட்டில் சிரித்துக்கொண்டேதான் சொல்கிறோம். நடுவில் யாராவது ஒருத்தர் எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வருவார்கள். வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடருவோம்.

நாங்கள் சித்தூரில் மிஷன் காம்பவுண்டுக்குப் பின்னால் இருக்கிறோம். நைனா வெல்ல மண்டியில் மூட்டை தூக்குகிறார். அம்மா ஒரு ஹாஸ்டலில் சமைக்கிறாள். நான் மாம்பழ சீசனில் கூழ் ஃபாக்டரியில் தோல் சீவுவேன், சீசன் இல்லாதபோது வீட்டில் உட்கார்ந்து அம்மாவிடம் திட்டு வாங்குவேன். இப்படி ஒரு குடும்பத்தில் எப்படியோ பிறந்து, பி.எஸ்ஸி. முடித்து, நுழைவுத் தேர்வு எழுதி, திருப்பதியில் ஒரு யூனிவர்சிட்டியில் எம்.எஸ்ஸி.க்கு சீட் வாங்கிவிட்டாள் அக்கா. கெமிஸ்ட்ரிதான் கேட்டாள். அதில் இடமில்லை, மானிடவியல் இருக்கிறது என்றார்களாம். சரி என்று சேர்ந்துவிட்டாள்.

"அப்டினா இன்னா படிப்பு?" என்றார் நைனா.

"மனுசங்கள பத்தி படிக்கிறது நைனா."

"மனுசங்கள பத்தி ரெண்டு வருசம் படிக்கிறதுக்கு இன்னா கீது? எங்கூட மண்டிக்கு வா. ஒரே நாள்ல தெரிஞ்சிக்கலாம்."

அவள் நிஜமாகவே மண்டிக்குப் போனாள். தலையில் மூட்டை தூக்குகிறவர்களின் தலை, மற்றவர்கள் தலையிலிருந்து வித்தியாசப்படுகிறதா என்பதுதான் அவள் பிராஜெக்ட். இடுக்கி மாதிரி வளைந்த ஒரு கருவியை யூனிவர்சிட்டியிலிருந்து வாங்கிக்கொண்டு வந்து, மண்டியில் எல்லார் தலையையும் அளந்தாள். நைனாவை அளந்தாள். ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று சர்ச்சுக்கு வருகிறவர்களை அளந்தாள். என்னையும் அளந்துவிட்டு, "உள்ள ஒண்ணும் இல்லாட்டியும் அளவு நல்லாதான் கீதுடி" என்றாள். எங்கள் தெருவில் அவள் அளக்காத மண்டையே கிடையாது.

கடைசிப் பரீட்சை எழுதி, பிராஜெக்டையும் பைண்டு பண்ணிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தாள். மூன்றாம் நாள் காய்ச்சல். டெங்கு என்றார்கள். ஒரு வாரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. சவப்பெட்டி செய்கிறவர் வந்து டேப்பை விரித்து அவளை அளந்தபோது, நைனா அதுவரை அழாதவர், "எல்லாரையும் அளந்தியேம்மா" என்று சுவரில் முட்டிக்கொண்டார்.

(இந்த இடத்தில்தான் வழக்கமாக அம்மா எழுந்து போவாள்.)

எங்கள் சபையின் கல்லறைத் தோட்டத்துக்கு வந்தீர்களானால் ஏதோ பட்டமளிப்பு விழாவுக்குள் நுழைந்துவிட்ட மாதிரி இருக்கும். எல்லாரும் படுத்திருப்பார்கள், அதுதான் வித்தியாசம். மிஷன் காலத்திலிருந்தே எங்கள் சனங்களுக்கு நிலமும் நகையும் கிடையாது, படிப்புதான். அதனால் கல்லில் பேருக்குப் பின்னால் படிப்பு இல்லாமல் யாரும் படுக்க மாட்டார்கள். ஒருத்தர் பி.ஏ., பி.எட். பக்கத்தில் அவர் மனைவி, டீச்சர் டிரெய்னிங். கொஞ்சம் தள்ளி ஒருத்தருக்கு 'இன்டர் (ஒரு பாடம் நீங்கலாக)' என்று வெட்டியிருக்கும். (இன்டர் என்றால் இங்கே பிளஸ் டூ மாதிரி. அதில் ஒரு பாடம் ஃபெயில். சத்தியமா. அவரை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.) ஒரு தடவை கம்பவுண்டராக இருந்த ஒருத்தருக்கு அவர் பிள்ளைகள் 'டாக்டர்' என்று வெட்டி வைத்துவிட, சபையே இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது. அதிலிருந்து கமிட்டியில் ஒரு சட்டம்: சர்டிபிகேட் காட்டினால்தான் கல்லில் எழுத்து.

நைனா கல்லுக்குச் சொல்லிவிட்டார். 'எஸ்தர் பி.எஸ்ஸி.' வரை வெட்டியாகிவிட்டது. பக்கத்தில் எம்.எஸ்ஸி.க்கு இடம் விட்டிருந்தது. ரிசல்ட் வந்ததும் வெட்டிக்கொண்டுபோய் நட வேண்டும் என்று கல்லை எங்கள் வீட்டு வாசலிலேயே சுவரில் சாய்த்து வைத்திருந்தார். காலையில் கதவைத் திறந்தால் அக்கா பேர். சாயங்காலம் திரும்பி வந்தால் அக்கா பேர். பால்காரர் வாசலுக்கு வருவதையே விட்டுவிட்டார். தெருமுனையில் நின்றுகொண்டு எங்களுக்குப் போன் போடுவார்.

ஐயர் வந்தார். (எங்கள் சபையில் போதகரை ஐயர் என்றுதான் சொல்லுவோம்.) கல்லைப் பார்த்து, "ஏன் சாமுவேலு, இத்த நட்டுடக்கூடாதா? வூட்டுக்கு வர்றவங்கல்லாம் பயப்பட்றாங்களே" என்றார்.

"ரிசல்ட்டு வந்துட்டும் ஐயரய்யா. எங்க வம்சத்துல யாரும் அவ்ளோ படிச்சதில்ல. அந்த எழுத்து இல்லாம எம் பொண்ண நான் படுக்க வெக்க மாட்டேன்."

ஐயர் ஒரு ஜெபம் பண்ணிவிட்டுப் போய்விட்டார்.

ரிசல்ட் எப்போது வரும் என்று கேட்டுக்கொண்டு வர நைனாவே ஒரு தடவை பஸ் ஏறினார். திருப்பதிக்குக் கொஞ்சம் முன்னால் இருக்கிற சந்திரகிரி வரைக்கும் போனவர், அங்கேயே இறங்கி எதிர்ப் பஸ் பிடித்துத் திரும்பி வந்துவிட்டார். வந்து, "ரூத்து, நீ போய்கினு வா" என்றார்.

யூனிவர்சிட்டிக்குப் போட்டுக்கொண்டு போகிற மாதிரி என்னிடம் என்ன இருக்கிறது? அக்காவின் பச்சை சுடிதாரைப் போட்டுக்கொண்டேன். எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே முகம், ஒரே உடம்புவாகு, அச்சுப் போட்ட மாதிரி இருந்தது. நைனா பீரோவைத் திறந்து, கயிற்றில் தொங்குகிற அவளுடைய ஐடி அட்டையை எடுத்து என் கழுத்தில் மாட்டினார். "இது இல்லன்னா கேட்டுலயே நிறுத்திடுவான்." நான் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது சமையலறையிலிருந்து அம்மா குரல் கொடுத்தாள்:

"எஸ்தரு, கொட எட்துகினு போ."

நான் குடையை எடுத்துக்கொண்டேன்.

அன்றைக்கு மத்தியானமே இருட்டிக்கொண்டு வந்தது. திருப்பதியில் இறங்கும்போது மலையைக் காணோம், மேகம் மொத்தமாக விழுங்கிவிட்டிருந்தது. கேட்டில் நின்ற வாட்ச்மேன் என்னைப் பார்த்ததும் கையை ஆட்டினார். (அங்கே எல்லாரும் தெலுங்கில்தான் பேசினார்கள். நான் தமிழில் போடுகிறேன்.)

"என்னம்மா எஸ்தர், ஆளையே காணோம்? ஊருக்குப் போயிட்டியா?"

இல்லை அண்ணா, நான் எஸ்தர் இல்லை, அவள் தங்கச்சி, அவள் செத்துவிட்டாள் என்று சொல்ல வாயைத் திறந்தேன். "ஆமாண்ணா" என்று வந்தது.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று அப்போது தெரியவில்லை. உள்ளே நடந்துகொண்டே யோசித்தபோதுதான் புரிந்தது. சித்தூரில் எல்லாருக்கும் தெரிந்துபோயிற்று. இந்த கேட்டில் மட்டும் அவள் இன்னும் சாகவில்லை. அவளை நானே எப்படிக் கொல்வது?

அதற்குப் பிறகு வரிசையாக அதேதான். சைக்கிளில் போன ஒருத்தர் பெல் அடித்துச் சிரித்துவிட்டுப் போனார். ஒரு நாய் வந்து என் காலை முகர்ந்து பார்த்துவிட்டு, ஏதோ சரியில்லை என்கிற மாதிரி இரண்டு அடி பின்னால் போய் நின்று என்னையே பார்த்தது. (மனுசங்களுக்கு டிகிரி. மூளை மட்டும் நாய்க்கு.) கேன்டீனில் இருந்த அம்மா நான் கேட்காமலேயே எலுமிச்சை சாதத்தை வைத்து, மேலே வேர்க்கடலையை அள்ளிப் போட்டு, "இளைச்சுட்டியேடி" என்றாள். நான் சாப்பிட்டேன். அக்காவுக்குப் பிடித்தது, எனக்கு வேர்க்கடலை ஆகாது. ஒன்றுவிடாமல் சாப்பிட்டேன். கை கழுவும்போது அந்தம்மா கேட்டாள்:

"உன் தங்கச்சி கணக்குல பாஸாயிடுச்சா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. செத்துப்போனவள் சும்மா செத்துப்போகவில்லை. நான் ஃபெயில் ஆனதைத் திருப்பதி வரைக்கும் ஒலிபரப்பிவிட்டுத்தான் போயிருக்கிறாள்.

"இன்னும் இல்லம்மா."

"பாவம். மண்டையில ஏறலன்னா என்ன பண்றது" என்று எனக்கே ஆறுதல் சொல்லி அனுப்பினாள்.

அவள் காட்டிய வழியில் மானிடவியல் டிபார்ட்மென்ட்டுக்குப் போனேன். பழைய கட்டடம். மழை பிடித்துக்கொண்டது. நீளமான வராந்தாவில் ஒரு ஆள் இல்லை. இரண்டு பக்கமும் கண்ணாடி அலமாரிகள், அவற்றுக்குள் வரிசையாக மண்டை ஓடுகள். எல்லாவற்றுக்கும் நெற்றியில் நம்பர். நான் நடக்க நடக்க ஒவ்வொன்றும் என்னோடு தலையைத் திருப்புகிற மாதிரி இருந்தது. "இன்னாடி, அவ வருவான்னு பார்த்தா நீ வர்றியே" என்று கேட்பது போலவே இருந்தது. கடைசியில் ஒரு பெரிய கதவு. அதற்குப் பக்கத்துச் சுவரில் காய்ந்துபோன மாலை போட்டு ஒரு போட்டோ.

அக்கா.

இதே பச்சை சுடிதாரில்.

அந்த போட்டோவுக்குக் கீழே ஒரு பெஞ்சு. அதில் உட்கார்ந்துவிட்டேன். ரிசல்ட்டைக் கேட்டுவிட்டு ஓடிவிட வேண்டும் என்று யாராவது வருவதற்காகக் காத்திருந்தேன்.

கதவு திறந்தது. ஒரு அட்டெண்டர் வெளியே வந்தார். வேலைக்குப் புதிது போல, அக்காவையும் தெரியாது, போட்டோவையும் கவனித்ததில்லை. என்னையும் பார்க்கவில்லை. கையில் இருந்த தாளைப் பார்த்து, வெறும் வராந்தாவை நோக்கிக் கோர்ட்டில் கூப்பிடுகிற மாதிரி கூப்பிட்டார்:

"எஸ்தர்!"

அந்தக் காலி வராந்தாவில் அது மண்டை ஓடுகள் மேலெல்லாம் பட்டுத் திரும்பி வந்தது.

"எஸ்தர்!"

உள்ளேயிருந்து ஒரு அவசரக் குரல்: "கடைசிப் பேர்தானே? இன்னொரு தடவை கூப்பிட்டுப் பாரு. வரலன்னா ஆப்சென்ட் போட்டுடலாம். எனக்கு ட்ரெயினுக்கு நேரமாச்சு."

இங்கிலீஷில் எனக்கு நன்றாகத் தெரிந்த வார்த்தை ஒன்று உண்டென்றால் அது ஆப்சென்ட்தான். ஆப்சென்ட் போட்டால் ஃபெயில். ஃபெயில் என்றால் கல்லில் எழுத்து கிடையாது. எழுத்து இல்லை என்றால் நைனா அந்தக் கல்லை நட மாட்டார், அது எங்கள் வாசலிலேயே நிற்கும், நாங்கள் சாகிறவரைக்கும் நிற்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் சபையில் வருஷத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை, அந்த வருஷம் செத்துப்போனவர்கள் பேரை ஐயர் ஒவ்வொன்றாக வாசிப்பார். பேர் வாசித்ததும் அந்த வீட்டு ஆள் ஒருத்தர் எழுந்து நிற்க வேண்டும். பேசக் கூடாது. நின்றால் போதும், இந்தப் பேருக்கு இன்னும் ஆள் இருக்கிறது என்று அர்த்தம். அதற்கு முந்தின மாதம்தான் எஸ்தர் பேரை வாசித்தார்கள். நைனாவால் எழ முடியவில்லை. நான் எழுந்து நின்றேன்.

"எஸ்தர்!" என்று அட்டெண்டர் கூப்பிட்டார்.

நான் எழுந்து நின்றேன்.

அட்டெண்டர் திரும்பிப் பார்த்தார். "இங்கேயே உட்கார்ந்துக்கினு வாயத் திறக்கலியே? போம்மா உள்ளே."

போய்விட்டேன்.

அது ஒரு பெரிய அறை. சுவரோரமாகச் சக்கரம் வைத்த ஸ்டாண்டில் முழு எலும்புக்கூடு ஒன்று தொங்கியது. மேஜைக்குப் பின்னால் மூக்குக் கண்ணாடி போட்ட ஒல்லியான சார், மடியில் பெட்டியை வைத்துக்கொண்டு, எழுந்து ஓடத் தயாராக இருந்தார். என் கழுத்திலிருந்த ஐடியை ஒரு பார்வை, என்னை ஒரு பார்வை. சரியாகத்தான் இருந்தது அவருக்கு.

"உட்காரு. பிராஜெக்ட் பத்தி சொல்லு. என்ன பண்ணே?"

"தலை அளந்தேன் சார்."

"யார் தலை?"

"எல்லார் தலையும் சார்."

அவர் பைண்டு போட்ட புத்தகத்தைப் புரட்டினார். அக்காவின் கையெழுத்து தூரத்திலிருந்தே தெரிந்தது. "முடிவு என்ன வந்தது?"

"எங்க நைனா தலைதான் சார் பெருசு."

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "நான் கேட்டது முடிவு. கன்க்ளூஷன்."

"அதான் சார் முடிவு. உச்சி கொஞ்சம் தட்டையா கீது. வெல்லம் தூக்கித் தூக்கி."

(இரண்டு வருஷம் அக்கா பட்ட பாட்டை ஒரே வரியில் முடித்துவிட்டேன். இதைக் கேட்டிருந்தால் அவள் என்னை மிதித்திருப்பாள்.)

சார் நீளமாக மூச்சு விட்டார். ட்ரெயினை நினைத்துக்கொண்டாரோ என்னவோ, பக்கத்திலிருந்த ஒரு மண்டை ஓட்டைத் தூக்கி என் கையில் கொடுத்தார். "சரி, இதையாவது சொல்லு. ஆணா, பெண்ணா?"

நான் நினைத்ததைவிட லேசாக இருந்தது. அவ்வளவு லேசாக இருக்கும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. கீழே விழுந்துவிடுமோ என்று பயந்து மடியில் வைத்துக்கொண்டேன். கை தானாக அதன் உச்சியைத் தடவியது. காய்ச்சலில் படுத்திருந்தபோது அக்கா தலையை இப்படித்தான் மடியில் வைத்திருந்தேன்.

"சார், இவங்க பேரு இன்னா?"

"பேரா? நெத்தியில நம்பர் போட்டிருக்கு பாரு. ஆணா பெண்ணா, அதைச் சொல்லும்மா."

"பொண்ணு சார்."

"எப்படிச் சொல்றே?"

"பல்லு வரிசையா கீது சார்."

அவர் நெற்றியில் கை வைத்துக்கொண்ட அதே நேரத்தில் கரண்டு போய்விட்டது. வெளியே இடி. அறையே கும்மிருட்டு. சார் போனைத் தேடி எடுத்து டார்ச்சைப் போட்டு மேஜைமேல் வைத்தார். வெளிச்சம் கீழேயிருந்து மேலே அடித்தது. மடியில் மண்டை ஓடு, அதற்கு மேலே என் முகம், பின்னால் சுவரில் என் நிழல் ஆள் உயரத்துக்கு மேல்.

அப்போதுதான் ஹெச்.ஓ.டி. மேடம் சாப்பிட்டுவிட்டு உள்ளே வந்தார்.

அக்காவுக்கு இரண்டு வருஷம் பாடம் எடுத்தவர். போட்டோவுக்கு மாலை போட்டவரும் அவர்தான். கதவில் நின்று என்னைப் பார்த்தார். கையிலிருந்த டிபன் டப்பா விழுந்து உருண்டு போன சத்தம் எனக்கு இன்னும் காதில் கேட்கிறது. மேடம் கத்தவில்லை. மெதுவாக, ரொம்பப் பிரியமாக, "எஸ்தர்... எதுக்கும்மா வந்தே?" என்று கேட்டார்.

கத்தியிருந்தாலாவது பரவாயில்லை. அந்தப் பிரியத்தில் எனக்கே என்மேல் பயம் வந்துவிட்டது. நிஜமாகவே நான் யார் என்று ஒரு நிமிஷம் தெரியவில்லை. பதில் சொல்லலாம் என்று மண்டை ஓட்டோடு எழுந்து நின்றேன்.

அது போதுமே. மேடம் பின்னால் நகர்ந்தார், எலும்புக்கூட்டின் ஸ்டாண்டில் இடித்தார், அதற்குத்தான் சக்கரம் இருக்கிறதே, அது ஒரு சுற்றுச் சுற்றி இரண்டு கையையும் விரித்துக்கொண்டு அவர் மேலேயே வந்தது. இப்போது மேடம் கத்தினார். மேடம் கத்தியதைக் கேட்டு நான் கத்தினேன். கையிலிருந்ததை விட்டுவிட்டேன். ட்ரெயினுக்குப் போக வேண்டிய சார் பெட்டியைத் தூக்கியெறிந்துவிட்டுப் பாய்ந்து அதைப் பிடித்தார். கீழ்த்தாடை மட்டும் கழன்று மேஜைக்கு அடியில் போய்விட்டது. "தெய்யம்! தெய்யம்!" என்று கத்திக்கொண்டு அட்டெண்டர் மழையில் ஓடினார். (தெலுங்கில் பேய் என்று அர்த்தம். போன வேகத்தைப் பார்த்தால் ரேணிகுண்டா வரைக்கும் ஓடியிருப்பார்.)

கரண்டு வந்தபோது நான் தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதுகொண்டிருந்தேன். மேடம் எலும்புக்கூட்டின் கையைத் தன் தோளிலிருந்து எடுத்துவிட்டு, கிட்டே வந்து, ஒரு விரலால் என் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார். சூடாக இருந்திருக்கும் போல.

"நீ... ரூத்தா?" என்றார். "கணக்கு?"

"ஆமா மேடம்."

எல்லாவற்றையும் சொன்னேன். கல்லு, நைனா, சந்திரகிரி, கமிட்டி, பேர் வாசித்தால் எழுந்து நிற்கிறது, எல்லாம். பிறகு மேடம் சொன்னார்: "எக்ஸாம் செக்ஷன்ல அவ பேரை எடுக்காம விட்டுட்டாங்கம்மா. பேப்பர் எல்லாத்திலும் பாஸ்தான். இது ஒண்ணுதான் மிச்சம். இதுக்கு அவதான் வரணும். இன்னொருத்தர் வந்து உட்கார்ந்தா அது போலீஸ் கேஸ்."

"தெரியாம வந்துட்டேன் மேடம்."

"தெரியும்."

சார் மார்க் போடுகிற தாளை எடுத்து வைத்துக்கொண்டு பேனாவைத் திறந்தார். எழுதவில்லை. "பிரசென்ட்னு போட விதி இல்ல. ஆப்சென்ட்னு போட எனக்குக் கை வரல" என்றார். கடைசியில் ஒன்றும் எழுதாமல் பேனாவை மூடினார். அந்தக் கட்டம் காலியாகவே போகட்டும் என்றார் மேடம். தான் ஒரு கடிதம் வைத்து மேலிடத்துக்கு அனுப்புவதாகவும், செத்துப்போன பிள்ளைக்கு ஏதாவது பார்த்துச் செய்யச் சொல்வதாகவும் சொன்னார். அந்த சாருக்கு ட்ரெயின் போய்விட்டது. அவர் பாட்டுக்கு மேஜைக்கு அடியில் குனிந்து தாடையைத் தேடிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். "பேயாட்டம் போய் உக்காந்துகினு வந்துக்கீறியேடி" என்று அம்மா முதுகில் ஒன்று வைத்தாள். நைனா, "பேப்பரு எல்லாம் பாஸா?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். வாசலுக்குப் போய்க் கல் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

மேடம் கடிதம் அனுப்பினார். பதில் வர மாசக்கணக்காயிற்று. வந்தபோது, விதியில் இடமில்லை என்று வந்தது. மேடமே போன் செய்து நைனாவிடம் சொல்லி அழுதார். நைனாதான் அவரைத் தேற்றினார்.

ஐயர் மறுபடி வந்தார். "இனிமே எதுக்குப் பார்த்துகினு கீறது சாமுவேலு? அந்த எடம் காலியா கீறது நல்லால்ல. ஒரு லில்லிப் பூ வெட்டச் சொல்லி நட்டுடலாம்." நைனா சரியென்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. சாப்பாடும் சரியாக இறங்கவில்லை அவருக்கு. பூ வெட்டினால் அந்த இடம் மூடிவிடும். மூடிவிட்டால் அவள் படித்தது அவ்வளவுதான் என்று ஆகிவிடும். பூ வெட்ட வருவதாகக் கல் வெட்டுகிறவர் சொன்ன தேதி நெருங்கிக்கொண்டே வந்தது.

அப்போதுதான் பிரிசில்லா வந்தாள். எங்கள் சபைப் பெண். அந்த வருஷம்தான் அதே யூனிவர்சிட்டியில், அதே டிபார்ட்மென்ட்டில் எம்.எஸ்ஸி. சேர்ந்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, அம்மா கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டே, கண்ணை விரித்துக்கொண்டு சொன்னாள்:

"ரூத்தக்கா, எங்க டிபார்ட்மென்ட்டுல பேய் கீதுக்கா! சீனியருங்கல்லாம் சொல்றாங்க. யாரோ ஒரு அக்கா, வைவாவுக்கு முன்னாடியே செத்துட்டாங்களாம். ஆனா பேரு கூப்ட்டதும் கரெக்டா வந்து உக்காந்துட்டாங்களாம்! எல்லா கேள்விக்கும் பதில் சொன்னாங்களாம். மண்டை ஓட்ட மடியில வெச்சிகினு 'உம் பேரு இன்னா'ன்னு கேட்டாங்களாம். அது பேரு சொல்லிச்சாம்!"

"சொல்லிச்சா?" என்றேன் நான். (எங்கிட்ட சொல்லலியே.)

"ஆமாக்கா. இப்பவும் வைவா அன்னிக்கு அந்த பெஞ்சில யாரும் உக்கார மாட்டாங்க. அவங்களுக்குன்னு வுட்டு வெச்சிருப்பாங்க. அட்டெண்டரு கடைசியா ஒரு தடவை அவங்க பேரையும் கூப்புட்டுதான் கதவ சாத்துவாராம்."

அம்மா என்னைப் பார்த்தாள். நான் நைனாவைப் பார்த்தேன். நைனாவின் தோள் குலுங்கியது. ஐயோ, அழுகிறார் என்று கிட்டே ஓடினேன். சிரித்துக்கொண்டிருந்தார். அக்கா போனதிலிருந்து அவர் சிரித்து நாங்கள் பார்த்ததில்லை. மூச்சு முட்டுகிற வரைக்கும் சிரித்தார். பிரிசில்லா பயந்துபோய் டீயைக் கீழே வைத்துவிட்டாள். அந்தப் பேய் அவளுக்குப் பக்கத்தில்தான் பிஸ்கட் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறது என்று நாங்கள் யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

நைனா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்டினா அவ இன்னும் காலேஜுக்குப் போய்கினுதான் கீறா" என்றார். கல் வெட்டுகிறவருக்கு அப்போதே போன் போட்டார். "பூவும் வாணாம், ஒண்ணும் வாணாம்பா. கீறது கீறாப்பலயே நட்டுடலாம்."

அடுத்த சனிக்கிழமை நட்டோம். பால்காரர் மறுபடி வாசலுக்கே வருகிறார்.

கல்லறைத் தோட்டத்துக்கு யார் வந்தாலும் அந்தக் காலி இடத்தைப் பார்த்துக் கேட்காமல் போவதில்லை. நைனா முகத்தைச் சீரியஸாக வைத்துக்கொண்டு ஒரே பதிலைத்தான் சொல்லுவார்: "அது ஒண்ணுமில்ல. பெரிசு பரீட்ச எழுதிச்சி. சின்னது வைவாவுக்குப் போச்சி. யாருக்கு டிகிரி குடுக்கறதுன்னு யூனிவர்சிட்டிக்கே இன்னும் தெரில."

கேட்டவர்கள் சிரிக்கலாமா கூடாதா என்று புரியாமல் என் முகத்தைப் பார்ப்பார்கள். சிரிக்கலாம் என்று நான் தலையாட்டுவேன்.